'பிரான்ஸ் மாப்பிள்ளை' போலி வரன்: அக்காவோட 4,30,000 ரூபாய் போச்சு, போலீசுக்குப் போகலாமா?

கெடிலக்கரை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா வீட்டுல யாரும் சரியா சாப்பிடலை. நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

எங்க வீடு கடலூர் திருப்பாப்புலியூர். அக்காவுக்கு 36 வயசு, டீச்சர். மாமா இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு. பையன் ஆறாவது படிக்கிறான். அம்மாதான் இன்னொரு கல்யாணம்னு பேச்சை எடுத்தாங்க. அக்கா ரெண்டு வருஷம் பிடி குடுக்காம இருந்து, கடைசியில சரின்னாங்க. வரன் தளத்துல அவங்களைப் பதிஞ்சது நான்தான். போட்டோ எடுத்ததும் நான்தான். அக்கா போடச் சொன்னது ஒரே ஒரு வரி: 'என் பையனை ஏத்துக்கறவரா இருக்கணும்.'

பத்து நாள்ல ஒரு வரன் வந்துச்சு. பூர்வீகம் பாண்டி முத்தியால்பேட்டையாம். தாத்தா சொல்தாவாம் (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்), சைகோன்ல இருந்தவராம். இவன் பாரிசுக்குப் பக்கத்துல சார்செல்ல இருக்கானாம், பிரெஞ்சு நேஷனாலிட்டியாம். தமிழ் சுத்தமா பாண்டித் தமிழ். வில்லியனூர் தேர், மாசிமகம்னு எல்லாம் சரியாப் பேசினான். முதல் நாளே பையன் என்ன படிக்கிறான்னு கேட்டானாம். அக்கா அங்கதான் விழுந்துட்டாங்க. அதுவரைக்கும் வந்த வரன்கள்ல ஒருத்தர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கலை.

ஏழு வாரம் பேச்சு. வீடியோ கால்னா கேமரா ரிப்பேர். ஒரே ஒரு தடவை இருபது செகண்ட் வந்தான், அதுவும் முகம் மங்கலா. அப்புறம் பணம் ஆரம்பிச்சுது. விசா ஃபைல் போட 38,000. சர்டிபிகேட்டை பிரெஞ்சுல மொழிபெயர்க்க 22,000. பையனுக்கு லேப்டாப்பும் அக்காவுக்கு நகையும் பார்சல்ல அனுப்பினதா சொன்னான். அது டெல்லி கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சுன்னு ஒரு பொண்ணு போன் பண்ணினா, 70,000. பார்சலுக்குள்ள யூரோ நோட்டு இருந்ததால கேஸ் ஆகும்னு மிரட்டினது வெள்ளிக்கிழமை. அன்னைக்கு மத்தியானம் அக்கா நகையை அடகு வச்சு 3 லட்சம் அனுப்பிட்டாங்க. மூணு வேற வேற அக்கவுன்ட், ஒண்ணுகூட அவன் பேர்ல இல்லை. சனிக்கிழமை காலையில நம்பர் போகலை, ப்ரொஃபைலும் எங்களுக்குத் தெரியலை.

அக்கா போலீசுக்கு வேணாங்கறாங்க. 'ஸ்கூல்ல எப்படி நிப்பேன்'னு ஒரே அழுகை. இன்னொரு குழப்பம்: நாங்க கடலூர், அவன் சொன்னது பாண்டி, பணம் போனது வடநாட்டு பேங்க். எங்க போய் சொல்றது?

கோரிமேட்டுக்காரன்
ஞாயிறு, இரவு 10:59

தம்பி, மீதி எல்லாம் அப்புறம் பேசலாம். இப்பவே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போடு. ராத்திரியிலும் எடுப்பாங்க. வெள்ளிக்கிழமை போன பணம் ஒரு அக்கவுன்ட்டுல இருந்து இன்னொண்ணுக்கு, அங்கிருந்து வேற ஒண்ணுக்குன்னு ஓடிக்கிட்டே இருக்கும். யாராவது ஏடிஎம்ல எடுக்கறதுக்குள்ள நிறுத்தினா நிறுத்தினதுதான். அக்கா அக்கவுன்ட் நம்பர், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பேங்க் தர்ற யுடிஆர் நம்பர், தேதி, நேரம் எல்லாத்தையும் கையில வச்சுக்கிட்டுக் கூப்பிடு. போன் முடிஞ்சதும் சைபர் கிரைம் தேசியத் தளத்துல அதே புகாரைப் பதிவு பண்ணு. சாட்டை அழிக்காதே, அக்காவையும் அழிக்க விடாதே. கோபத்துல முதல்ல அதைத்தான் அழிப்பாங்க.

ராஜா_ஓடி
ஞாயிறு, இரவு 11:20

கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒரு டீச்சர், படிச்சவங்க, நேர்ல பார்க்காத ஆளுக்கு நகையை அடகு வச்சு அனுப்பறாங்கன்னா தப்பு யார் மேல? பேராசைன்னு ஒண்ணு இருக்கு இல்ல? பிரான்ஸ்னு கேட்டதுமே கண்ணு மறைஞ்சுடுது.

நெல்லிக்குப்பம் அம்மா
ஞாயிறு, இரவு 11:41

ராஜா தம்பி, அந்தப் பொண்ணு பிரான்ஸைக் கேட்கலை. பையனை ஏத்துக்கற ஒருத்தரைக் கேட்டா. அந்த ஒரு வரியைப் படிச்சுட்டுத்தான் அவன் வலையே பின்னியிருக்கான். அது பேராசையா? நானும் 31 வயசுல ரெண்டு புள்ளைங்களோட தனியா நின்னவ. பெண் பார்க்க வர்றவங்க எல்லாம் பிள்ளைங்களைப் பாட்டி வீட்டுல விட்டுடலாமான்னுதான் கேட்டாங்க. யாராவது ஒருத்தர் 'பையன் என்ன படிக்கிறான்'னு கேட்டிருந்தா நானும் நம்பியிருப்பேன்.

கெடிலக்கரை தம்பி, அக்காவைத் தனியா விடாதே. பக்கத்துல உட்கார். திட்டாதே. பணத்தைப் பத்திப் பேச்செடுக்காம சாப்பாடு போடு.

கெடிலக்கரை
திங்கள், அதிகாலை 12:35

1930-ல பேசிட்டோம். அரை மணி நேரம் ஆச்சு. நாலு பரிமாற்றமும் சொல்லியாச்சு, புகார் எண் எஸ்எம்எஸ்ல வந்திருக்கு. கடைசியில அக்காவே போனை வாங்கிப் பேசினாங்க.

லாஸ்பேட்டை சகோதரி
திங்கள், காலை 7:15

என் தங்கச்சி பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரரைக் கட்டிக்கிட்டுப் போனவ. அந்த நடைமுறையை முழுசாப் பார்த்த அனுபவத்துல சொல்றேன். பாண்டி, காரைக்கால், கடலூர் பக்கம் பொண்ணு வச்சிருக்கற எல்லாரும் இதைத் தெரிஞ்சுக்கணும்.

நம்ம ஊர்ல இந்தப் பொய் எடுபடறதுக்குக் காரணம் அது பாதி உண்மையா இருக்கறதுதான். பாண்டியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக் குடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல நடைமுறைக்கு வந்தப்ப, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்து பிரெஞ்சு குடியுரிமையை வச்சுக்கிட்டவங்க இங்க நிறைய பேர். அவங்க பேரப்பிள்ளைங்க இன்னைக்கு பாரிஸ் பக்கம் இருக்காங்க. அதனால 'தாத்தா சொல்தா'ன்னு எவன் சொன்னாலும் நமக்குப் பழகின கதையாத் தெரியும்.

ஆனா அந்தக் கல்யாணத்துக்குன்னு ஒரு வரிசை இருக்கு. பிரெஞ்சுக்காரர் இந்தியாவுல கல்யாணம் பண்ணணும்னா முதல்ல பாண்டி பிரெஞ்சு கான்சுலேட்டுல 'கப்பாசித்தே அ மரியாழ்', அதாவது கல்யாணம் பண்ணிக்கத் தகுதி இருக்குங்கற சர்டிபிகேட்டுக்கு மனு போடணும். அதுக்காக கல்யாண அறிவிப்பைப் பத்து நாள் ஒட்டி வைப்பாங்க. பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேர் பிறப்புச் சான்றிதழும் கேட்பாங்க, தேவைப்பட்டா கூப்பிட்டு விசாரிப்பாங்க. அப்புறம்தான் கல்யாணம். கல்யாணப் பதிவை பிரெஞ்சுப் பதிவேட்டுல ஏத்தினதும் 'லிவ்ரே தெ ஃபமி'ங்கற குடும்பப் புத்தகம் வரும். அதுக்கும் பிறகுதான் மனைவிக்கு விசா. அந்த விசாவுக்குக் கட்டணமே கிடையாது, மனு வாங்கற மையத்தோட சேவைக் கட்டணம் மட்டும்தான்.

அதாவது தாலி ஏறாம மனைவி விசா ஃபைல்னு ஒண்ணே கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாடி விசாவுக்குப் பணம் கேட்கறவன் அந்த நிமிஷமே பொய்யன். 'கப்பாசித்தே போட்டாச்சா'ன்னு ஒரு கேள்வி கேளுங்க, உண்மையான பிரான்ஸ் வீட்டுக்காரங்களுக்கு அது உடனே புரியும். முத்தியால்பேட்டைன்னு சொன்னா எந்தத் தெரு, யார் வீடுன்னு கேட்டு ஒரு நடை போய்ப் பாருங்க. கடலூர்ல இருந்து பஸ்சுல ஒரு மணி நேரம்தான். எங்க அப்பா மூணு தடவை போய் விசாரிச்சுட்டு வந்தார். அப்ப எனக்குக்கூட அது அதிகம்னு பட்டுச்சு.

பழைய டெலிகாலர்
திங்கள், பிற்பகல் 2:30

இதை எழுதலாமா வேணாமான்னு காலையில இருந்து யோசிச்சேன். எழுதறேன்.

ஏமாத்தறவன் வெளியில இருந்து மட்டும் வர்றதில்லை. நாலு வருஷம் முன்னாடி பாண்டியில ஒரு திருமணத் தகவல் மையத்துல எட்டு மாசம் டெலிகாலரா இருந்தேன். ரெண்டாவது மாடி, பதினாலு பொண்ணுங்க, மாசம் 9,000 சம்பளம், ஆள் சேர்த்தா இன்சென்டிவ். காலையில ஒரு ஷீட் குடுப்பாங்க, அதுல பெத்தவங்க நம்பர் எல்லாம் இருக்கும். வேற தளங்கள்ல இலவசமாப் பதிஞ்சவங்களோட நம்பர். எப்படி வந்துச்சுன்னு கேட்கக் கூடாது.

நாங்க சொல்ல வேண்டிய வசனம் ஒண்ணுதான். 'ஐயா, உங்க பையன் ஜாதகத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கற பொண்ணு வீட்டுல விருப்பம் தெரிவிச்சிருக்காங்க. நீங்க பேக்கேஜ் போட்டா நம்பர் தந்துடுவோம்.' அப்படி ஒரு பொண்ணு இருக்கவே மாட்டா. போட்டோ ஃபேஸ்புக்ல எடுத்தது. ஒரு நாள் என்கூடப் படிச்சவளோட போட்டோவே ஷீட்டுல வந்துச்சு. அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை. எடுத்துடுங்கன்னு சொன்னதுக்கு, வேற பேர்தானே போட்டிருக்கோம்னாங்க.

3,500 கட்டினதும் பதினஞ்சு நம்பர் தருவாங்க. அதுல பாதி சுவிட்ச் ஆஃப், சிலது எப்பவோ கல்யாணம் ஆன வீடு. மீதி எங்க மேஜைக்கே வரும். பொண்ணோட அம்மாவா நான் பேசியிருக்கேன். ரெண்டு மூணு வாரம் பேசிட்டு, 'எங்க குடும்ப ஜோசியர் வேணாம்னுட்டார், தோஷம் இருக்காம்'னு முடிச்சுடணும். ஜோசியர் வேணாம்னா யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டாங்க, பணத்தைத் திருப்பியும் கேட்க மாட்டாங்க. 'அடுத்த பேக்கேஜ் போடுங்க, தோஷப் பொருத்தம் பார்த்தே தர்றோம்'னு மறுபடி போன் போகும்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு பெரியவர், முந்திரி வியாபாரம். மூணு பேக்கேஜ் போட்டவர். மூணாவது தடவை நான்தான் பொண்ணோட அம்மா. கடைசியா வேணாம்னு சொன்னப்ப, 'சரிம்மா, பரவாயில்லை. உங்க பொண்ணு நல்லா இருக்கட்டும், நல்ல இடமா அமையட்டும்'னார். அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட சொல்லி அழுதேன், மறுநாள் வேலைக்குப் போகலை. அவர் நம்பரை எழுதி வச்சுக்காம வந்துட்டேன். இருந்திருந்தா கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன்.

உங்க வீட்டுக்கு 'விருப்பம் வந்திருக்கு, பணம் கட்டினா நம்பர்'னு போன் வந்தா, அந்தப் பொண்ணு வீட்டுல இருந்து ஒரு தடவை எங்களைக் கூப்பிடச் சொல்லுங்கன்னு கேளுங்க. நிஜமாவே விருப்பம் தெரிவிச்சவங்க கூப்பிடுவாங்க.

சிப்காட் ஷிஃப்ட்
திங்கள், மாலை 6:05

நான் ஆம்பளை, 27. டேட்டிங் ஆப்ல ஒரு பொண்ணு, ரெண்டாவது நாளே வாட்ஸ்அப் வீடியோ கால். அந்தப் பக்கம் ஓடினது பதிவு பண்ணின வீடியோன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. என் முகத்தோட ரெக்கார்ட் பண்ணி, என் ஃபேஸ்புக் நண்பர்கள் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி 15,000 கேட்டாங்க. குடுத்தேன். மறுநாள் 40,000. அப்புறம் டெல்லி போலீஸ் உடுப்புல ஒருத்தன் கால் பண்ணினான். நான் சில்வர் பீச்ல போய் உட்கார்ந்து என்னென்னமோ யோசிச்ச ராத்திரி அது. அண்ணன் தேடி வந்து கூட்டிட்டுப் போனார். அவர்கிட்ட சொன்னதும் பாதி பாரம் இறங்கிடுச்சு. புகார் குடுத்து, பணம் குடுக்கறதை நிறுத்தி, எல்லா நம்பரையும் பிளாக் பண்ணினோம். வீடியோ யாருக்கும் போகலை. பணம் குடுக்கறவன்கிட்டத்தான் திரும்பத் திரும்ப வருவாங்க.

இதே நிலைமையில யாராவது இதைப் படிச்சா, வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது இன்னைக்கே சொல்லிடுங்க. படம் இணையத்துல பரவாம தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ'ன்னு இலவசத் தளம் இருக்கு. படத்தை எங்கயும் ஏத்த வேணாம், உங்க போன்லயே அதுக்கு ஒரு அடையாளக் குறியீடு உருவாகி அது மட்டும்தான் போகும்.

சுரங்கத்து மனிதர்
திங்கள், இரவு 8:48

நெய்வேலியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி இறந்தபின் தனிமை. மறுமணத் தளத்தில் பதிவு செய்தேன். சிங்கப்பூரில் இருப்பதாகச் சொன்ன ஒரு பெண்மணி பழக்கமானார். ஒருமுறைகூட என்னிடம் பணம் கேட்கவில்லை, அதனால்தான் நம்பினேன். தன் மாமா சொல்லிக்கொடுத்த கிரிப்டோ முதலீட்டில் தனக்கு லாபம் வருவதாகப் பேச்சுவாக்கில் சொல்வார். அவர் அனுப்பிய ஆப்பில் 20,000 போட்டேன். 23,500 ஆனது. எடுத்துப் பார்த்தேன், என் வங்கிக் கணக்குக்கே வந்தது. அந்த 3,500 ரூபாய்தான் தூண்டில் புழு. ஓய்வூதியப் பணத்தில் 11 லட்சம் போட்டேன். திரையில் 19 லட்சம் காட்டியது. எடுக்கப் போனபோது முதலில் வரி கட்டு என்றார்கள்.

சீன மொழியில் இதற்கு 'ஷா ஜூ பான்' என்று பெயர், பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்று பொருள். மியான்மர், கம்போடியாவில் இதற்கென்றே பெரிய வளாகங்கள் இருக்கின்றன. வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, அடைத்து வைக்கப்பட்டு, இப்படிப் பேசக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. 2022-இல் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டு வந்தவர்களைப் பற்றிப் படித்தபோது என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. என்னிடம் இரவு வணக்கம் சொன்ன 'பெண்மணி' அடி வாங்கிக்கொண்டே தட்டச்சு செய்த ஏதோ ஒரு வீட்டுப் பையனாகக்கூட இருந்திருக்கலாம்.

நான் நான்கு மாதம் மறைத்தேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை. புகார் கொடுக்கும்போது எந்தக் கணக்கிலும் ஒரு ரூபாய் இல்லை. உங்கள் அக்கா மூன்றாம் நாளே பேசிவிட்டார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வக்கீல்
திங்கள், இரவு 9:30

எல்லைக் குழப்பத்துக்கு முதலில் பதில். முள்ளோடை தாண்டினால் வேறு அரசு, வேறு போலீஸ் என்று சொல்லி உங்களை அங்கேயும் இங்கேயும் அலைய விட முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவின்படி குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். நீங்கள் கடலூரிலேயே சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வராதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, அதாவது கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, மூன்று ஆண்டு வரை சிறை. புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 318, 319-ம் பொருந்தும்.

அந்தத் திருமணத் தளத்தையும் சும்மா விட்டுவிடாதீர்கள். 2016 ஜூனில் மத்திய அரசு திருமணத் தளங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பதிவு செய்பவரின் அடையாளச் சான்றைச் சரிபார்க்க வேண்டும், ஐபி முகவரியைச் சேமிக்க வேண்டும், குறைதீர் அலுவலர் பெயரை வெளியிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த அலுவலருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, அந்த ப்ரொஃபைலின் பதிவுகளை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். காவல்துறை கேட்கும்போது 'எங்களிடம் இல்லை' என்று சொல்ல முடியாதபடி இருக்கும்.

மேலே டெலிகாலர் சகோதரி எழுதியது நம்மூர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2014-இல் ஜேடிஐ டேட்டிங் என்ற நிறுவனம் தானே போலி ப்ரொஃபைல்களை உருவாக்கி, அவற்றின் பேரில் செய்தி அனுப்பி, பதில் போட வேண்டுமானால் சந்தா கட்டு என்று வசூலித்ததற்காக 6,16,165 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆஷ்லி மேடிசன் என்ற டேட்டிங் தளத்தில் 2015-இல் தகவல் கசிந்தபோது, பணம் வாங்கிக்கொண்டு 'முழுதாக நீக்கிவிட்டோம்' என்று சொல்லப்பட்டவர்களின் விவரங்களும் உள்ளேயே இருந்தது தெரிந்தது. அங்கும் பெண்கள் பெயரில் போலி ப்ரொஃபைல்கள். போலிக் கணக்கு ஒவ்வொன்றும் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும்போது, அதை நீக்க யாருக்கு அவசரம் இருக்கும்?

பேக்கேஜ் போட்டு ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். சந்தாவை ரத்து செய்யவிடாமல் சிக்க வைப்பதும், போலி அவசரம் காட்டுவதும் 2023 நவம்பரில் வந்த விதிமுறைகளின்படி தடை செய்யப்பட்டவை.

நிர்வாகி
செவ்வாய், காலை 9:10

'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், 5,000 முன்பணம்' என்று இந்த இழையில் ஒருவர் போட்ட பதிவு நீக்கப்பட்டது. அதே நபர் தனிச் செய்தியும் அனுப்பியிருந்தால் பதில் சொல்ல வேண்டாம், எங்களுக்குத் தெரிவியுங்கள்.

ராஜா_ஓடி
செவ்வாய், காலை 10:02

கெடிலக்கரை, நான் எழுதினது தப்பு. நேத்து இதை எங்க வீட்டுல வாசிச்சுக் காட்டினேன். என் சித்தி மக போன வருஷம் இதே மாதிரி 60,000 விட்டிருக்கா. நாங்க என்ன சொல்லுவோமோன்னு பயந்து எங்க யார்கிட்டயும் சொல்லலையாம். மன்னிச்சுக்கோங்க.

கெடிலக்கரை
வியாழன், இரவு 9:15

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன் போனோம். அக்காவை உட்கார வச்சு ஒரு பெண் எஸ்ஐ பொறுமையாக் கேட்டாங்க. சிஎஸ்ஆர் வாங்கியாச்சு. 3 லட்சத்துல 1,12,000 ரெண்டாவது அக்கவுன்ட்டுல நிக்குது, நிறுத்தி வச்சிருக்காங்க. அதைத் திரும்ப வாங்க கோர்ட்டுல மனு போடணும், வக்கீல் அண்ணன் உதவறேன்னு சொல்லியிருக்கார். முதல் மூணு தொகையும் போனது போனதுதான்னு சொல்லிட்டாங்க. அந்த அக்கவுன்ட்டுல ஒண்ணு ஒரு காலேஜ் பையனோடதாம். கமிஷனுக்காக ஏடிஎம் கார்டையும் சிம்மையும் யார்கிட்டயோ குடுத்திருக்கான்.

அக்கா இந்த இழையை முழுசாப் படிச்சாங்க. அவங்களே எழுதணுமாம். கீழ இருக்கறது அவங்க தட்டினது.

கெடிலக்கரை
வியாழன், இரவு 9:50

நான் அக்கா எழுதறேன். எல்லாருக்கும் நன்றி. நெல்லிக்குப்பம் அம்மாவோட பதிவை மட்டும் நாலஞ்சு தடவை படிச்சேன்.

தம்பி அந்த ஆளோட போட்டோவைக் கூகுள் லென்ஸ்ல போட்டுப் பார்க்கச் சொன்னான். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ரெண்டே நிமிஷத்துல கிடைச்சுது. வேற மாநிலத்துல இருக்கற ஒருத்தரோட படங்கள் அது. அவர் பக்கத்துல மேலேயே 'என் படங்களைத் திருடி ஏமாற்றுகிறார்கள், நான் யாரிடமும் பணம் கேட்பதில்லை'ன்னு போட்டு வச்சிருக்கார். அவருக்கு எழுதினேன். நான் ஒன்பதாவது ஆளாம். அவர் மேல எந்தத் தப்பும் இல்லை, ஆனாலும் மன்னிப்புக் கேட்டார். அவர் மனைவியும் பேசினாங்க. ஏழு வாரம் நான் பார்த்துக்கிட்டிருந்த முகம் அந்த வீட்டோடதுன்னு நினைக்கறப்ப என்ன சொல்றதுன்னே தெரியலை.

தளத்துக்கு எழுதினதுக்கு 'பரிசீலிக்கிறோம்'னு ஒரு வரி பதில் வந்துச்சு. ஆனா நேத்து ராத்திரி தம்பியோட நம்பர்ல புதுசாப் பதிஞ்சு தேடினோம். அதே படம் இருக்கு. பேர் மாறியிருக்கு. பூர்வீகம் இப்போ காரைக்கால், தாத்தா அதே சொல்தா, ஊர் அதே சார்செல். கடைசியில ஒரு வரி புதுசாச் சேர்த்திருக்கான்: 'குழந்தையோடு இருப்பவர்கள் தயங்க வேண்டாம்.' ஸ்கிரீன்ஷாட் எடுத்து எஸ்ஐ மேடத்துக்கு அனுப்பிட்டேன்.

காரைக்கால்காரங்க யாராவது இங்க இருந்தா அந்த வரியை உங்க வாட்ஸ்அப் குழுக்கள்ல எல்லாம் போடுங்க. இந்நேரம் அவன் யார்கிட்டயாவது பையன் என்ன படிக்கிறான்னு கேட்டுக்கிட்டிருப்பான்.